செய்தி வாசிக்கிற பிள்ளைக்குப் பங்குல என்ன வேலைன்னு கேக்காதீங்க

கோவம் கொஞ்சம் ஆறினப்புறம்தான் எழுதுறேன். ஆனா முழுசா ஆறலை. அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

விஷயம் இதுதான். எங்க கத்தோலிக்கப் பங்குல ஒரு பொண்ணு. ஒரு தொலைக்காட்சில செய்தி வாசிக்குது. லீவுக்குச் சங்கரன்கோவில் வந்தா சும்மா உக்காந்திருக்காது. பூசைல வாசகம் வாசிக்கும். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு மேடைல எப்படிப் பேசுறதுன்னு சொல்லிக் கொடுக்கும். நாங்க வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க கஷ்டப்படுறவங்களை வீடு தேடிப் பாக்கக் கெளம்பினா, செருப்பை மாட்டிட்டு அதுவும் கூடவே வந்துரும்.

அந்தப் பிள்ளையப் பங்குப் பேரவைல சேத்துக்கலாமான்னு பேச்சு வந்துச்சு. ஒரு பெரியவர் உடனே சொல்லிட்டாரு.

"டிவில வர்ற பிள்ளைக்குக் கோயில் வேலை எதுக்கு அண்ணாச்சி? அதெல்லாம் விளம்பரத்துக்குத்தான். செய்தி வேற, சேவை வேற."

நாலு பேர் தலையாட்டுனாங்க. பேச்சு அதோட முடிஞ்சது.

செய்தி வேற, சேவை வேறயா? நான் இந்த ஊர்க் கேபிள் சேனல்ல சாயங்காலச் செய்தி வாசிச்சவன். இப்ப வின்சென்ட் தே பவுல் சபைல இருக்கேன். ரெண்டுலயும் கை வச்சவன்கிற உரிமைல சொல்றேன்: ரெண்டும் ஒரே வேலை. போய்ப் பாக்கணும். பொறுமையாக் கேக்கணும். சொன்னது சரிதானான்னு விசாரிக்கணும். ஆளோட பேரைப் பிழையில்லாம சொல்லணும். இதுல எது செய்தி, எது சேவைன்னு யாராவது பிரிச்சுக் காட்டுங்க பாப்போம்.

வெளியூர்க்காரங்களுக்காக ரெண்டு வரி. சங்கரன்கோவில்னா உங்களுக்கு ஆடித்தபசு ஞாபகம் வரும், இல்லைன்னா பிரியாணி (ரெண்டுமே சரிதான்). 2019 நவம்பர் 22-ல இருந்து நாங்க தென்காசி மாவட்டம். அதுக்கு முன்னாடி திருநெல்வேலி. கோமதி அம்மன் ஊர் இது. கத்தோலிக்கர்ங்க நாங்க கொஞ்சம் பேர்தான். பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேந்தவங்க (1973-ல மதுரைல இருந்து பிரிஞ்ச மறைமாவட்டம்). அதனால எங்க சபை ஆளுங்க ஒரு தெருவுக்குள்ள போனா, கதவைத் திறக்குறவங்க பாதிக்கு மேல வேற சாமி கும்பிடுறவங்களாத்தான் இருப்பாங்க. யாரும் அதைப் பத்திக் கேக்குறது இல்லை. நாங்களும் கேக்குறது இல்லை.

இங்க பக்கத்துல கோவில்பட்டிக்கிட்ட காமநாயக்கன்பட்டி இருக்கே, வீரமாமுனிவர் வேலை பாத்த இடம். பரமார்த்த குரு கதையையும் சதுரகராதியையும் எழுதினவரு, மக்கள்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு பழகினது இந்தக் கரிசல் மண்லதான். அப்படிப் பாத்தா, சனங்களுக்குப் புரியுற மாதிரி பேசுற வேலைக்கும் இந்தப் பக்கத்துக் கோயில்களுக்கும் முந்நூறு வருஷ உறவு.

சரி, ரேடியோவுக்கு வருவோம்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அப்பல்லாம் செய்தின்னா வானொலிதான். திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கினது 1963 டிசம்பர் 1. காலைல மூணு மதத்துப் பக்திப் பாட்டும் வரும். அப்புறம் ஏழேகாலுக்கு டெல்லில இருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசாமி வாசிச்சா, அடுப்படில பாத்திரச் சத்தம் கூட நின்னுரும் (அவங்க 2022 ஆகஸ்ட்ல காலமானாங்க). அவங்க ஒரு பேரைச் சொன்னா அதுதான் அந்தப் பேரோட சரியான உச்சரிப்புன்னு எங்க வீட்ல முடிவே பண்ணியிருந்தோம்.

இதுல ஒரு பொருத்தம் பாருங்க. திருநெல்வேலி நிலையம் தொடங்கி மூணே நாள், 1963 டிசம்பர் 4. உரோமைல இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு ஆவணத்தை வெளியிடுது. எதைப் பத்தி? பத்திரிகை, சினிமா, வானொலி, தொலைக்காட்சி பத்தி. இதெல்லாம் நல்ல கொடைகள், நல்லபடியா பயன்படுத்துங்க, இதுல விசுவாசிகளைப் பயிற்றுவிங்கன்னு சொன்ன ஆவணம் அது. 1967-ல இருந்து வருஷா வருஷம் உலக சமூகத் தொடர்பு நாளே கொண்டாடுறாங்க. அந்த ஞாயிறு எங்க பங்குலயும் அறிவிப்பு வாசிப்பாங்க. அதே பங்குல இருந்துட்டு "டிவிக்காரங்களுக்கு இங்க என்ன வேலை"ன்னு கேட்டா எப்படி?

இன்னொண்ணும் இருக்கு. வானொலிக்குப் பாதுகாவலர் கபிரியேல் தூதர். 1951-ல திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவிச்சது. தொலைக்காட்சிக்குப் பாதுகாவலர் அசிசி கிளாரா, 1958-ல. ஏன் கிளாரா? நோயில படுத்திருந்தப்ப, கோயிலுக்குப் போக முடியாம, கிறிஸ்துமஸ் பூசையை அறைச் சுவத்துலயே கண்டாங்கன்னு வரலாறு. 2020 ஊரடங்குல கோயில் கதவெல்லாம் அடைச்சப்ப, கட்டில்ல கிடந்த நம்ம பாட்டிமாருங்க டிவில பூசை கண்டாங்கல்ல? அப்பதான் அந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தம்னு எனக்கு உறைச்சுச்சு. கேமரா பிடிச்ச பையனும், ஒலி சரி பண்ண பையனும் அன்னைக்குச் செஞ்சது சேவை இல்லையா?

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்த கதை.

சிற்றலை ரேடியோ இருந்த வீடுகள்ல வேரித்தாஸ் பேரைக் கேட்டா இன்னைக்கும் முகம் மலரும். பிலிப்பைன்ஸ்ல மணிலால இருந்து வந்த கத்தோலிக்க வானொலி. 1969-ல ஒலிபரப்பு தொடங்குச்சு. ஆசிய மொழிகள் பலதுல நிகழ்ச்சி, அதுல தமிழும் ஒண்ணு. தமிழ்ப் பிரிவுல குருக்கள் உக்காந்து பேசுவாங்க. நேயர் கடிதம் வாசிப்பாங்க. நம்ம ஊர்ப் பேரு மணிலால இருந்து காத்துல வந்து விழும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, இப்ப ஃபோன்ல எத்தனை லைக் விழுந்தாலும் அது வராது. ஊருக்கு ஊர் நேயர் மன்றம் இருந்துச்சு. மன்றத்து ஆளுங்க ரேடியோ கேட்டதோட நிக்கலை. மரம் நட்டாங்க, ரத்த தானம் பண்ணாங்க. 2018-ல சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திட்டு இணையத்துக்குப் போயிட்டாங்க.

அதே நிலையம்தான் பிலிப்பைன்ஸ் உள்ளூர்ல என்ன பண்ணுச்சுன்னு தெரியுமா?

1983 ஆகஸ்ட் 21. எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோவை மணிலா விமான நிலையத்துல சுட்டுக் கொன்னுட்டாங்க. அதிபர் மார்க்கோஸ் ஆட்சிக்குப் பயந்து மத்த பெரிய ஊடகமெல்லாம் வாயை மூடிக்கிச்சு. இறுதி ஊர்வலத்தை நேரடியாச் சொன்னது வேரித்தாஸ். 1986 பிப்ரவரி 7-ல தேர்தல். அரசாங்கம் ஒரு கணக்கு சொல்லுது, தன்னார்வலர்கள் எண்ணின கணக்கு வேற மாதிரி வருது. அந்த ரெண்டாவது கணக்கையும் சனங்களுக்குச் சொன்னது வேரித்தாஸ்.

பிப்ரவரி 22. பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத் துணைத் தளபதியும் மார்க்கோஸை விட்டு விலகி முகாமுக்குள்ள உக்காந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸ்ல பேசி, போய் அவங்களுக்குக் காவலா நில்லுங்க, சாப்பாடு கொண்டு போங்கன்னு மக்களைக் கேட்டாரு. சனம் எட்சா சாலைல திரண்டுச்சு. செபமாலையோட டாங்கிக்கு முன்னால கன்னியாஸ்திரிகள் நின்ன படத்தை நீங்களும் பாத்திருப்பீங்க.

அந்த நாட்கள்ல மைக்கு முன்னால உக்காந்திருந்தது ஒரு அம்மா. பேரு ஜூன் கீத்லி. நடிகை, குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தினவங்க, அப்புறம் ஒலிபரப்பாளர். 23-ஆம் தேதி விடியக்காலைல ராணுவம் வேரித்தாஸோட ஒலிபரப்புக் கோபுரம் இருந்த இடத்தை நாசம் பண்ணிருச்சு. ஜூன் கீத்லி வீட்டுக்குப் போகலை. ஜேம்ஸ் ராய்ட்டர்னு ஒரு இயேசு சபைக் குரு ஏற்பாடு பண்ண, வேற ஒரு நிலையத்துக்கு ரகசியமா மாறி, அங்க இருந்து ராத்திரி முழுக்கப் பேசுனாங்க. எந்தத் தெருவுல டாங்கி வருது, எங்க ஆள் பத்தலை, எங்க தண்ணி வேணும்னு. அவங்களுக்குத் துணைக்கு ரெண்டு பள்ளிக்கூடத்துப் பசங்க.

இதைச் செய்தி ஒலிபரப்புன்னு சொல்லுவீங்களா, சேவைன்னு சொல்லுவீங்களா?

இங்க ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 24-ஆம் தேதி காலைல மார்க்கோஸ் ஓடிட்டாருன்னு ஒரு தகவல் வந்து, ஜூன் கீத்லி அதை ஒலிபரப்பிட்டாங்க. சாலைல சனம் ஆடிப் பாடுச்சு. கொஞ்ச நேரத்துல மார்க்கோஸ் டிவில வந்து நிக்கிறாரு! அவரு நெசமாவே போனது 25-ஆம் தேதி ராத்திரி. உயிரைப் பணயம் வச்சு, நல்ல நோக்கத்தோட பேசினவங்க வாயில இருந்தும் தப்புச் செய்தி வந்துச்சு. நல்ல மனசு மட்டும் இருந்தாப் பத்தாது, விசாரிச்சுச் சொல்ற பழக்கமும் வேணும்னு எனக்கு இதைவிட நல்லாப் புரிய வச்ச சம்பவம் வேற இல்லை.

அந்த வருஷமே வேரித்தாஸுக்கு மகசேசே விருது கிடைச்சுச்சு. ஜூன் கீத்லி பின்னாடி மாதா காட்சிகள் பத்தி ஆவணப்படம் எடுத்தாங்க. 2013 நவம்பர்ல புற்றுநோய்ல இறந்தாங்க. செய்தி, விசுவாசம் ரெண்டையும் கடைசிவரை சேத்தே வச்சிருந்த ஒரு வாழ்க்கை.

இன்னும் பின்னால போவோம். வத்திக்கான் வானொலி 1931 பிப்ரவரி 12-ல தொடங்குச்சு. நிலையத்தைக் கட்டிக் கொடுத்தது மார்க்கோனியேதான். ரெண்டாம் உலகப் போர் வந்தப்ப அந்த வானொலி செஞ்ச பெரிய வேலை என்ன தெரியுமா? பேர் வாசிச்சது. இன்னாரு கைதியா இருக்காரு, உயிரோட இருக்காரு, அம்மாவைத் தேடுறாரு. இப்படி 1940-ல இருந்து 46 வரைக்கும் 12 லட்சத்துக்கும் மேல செய்திகள். இசை இல்லை, விவாதம் இல்லை. பேரும் ஊரும்தான். எங்கேயோ ஒரு அம்மா அந்தப் பேருக்காகக் காதைத் தீட்டி உக்காந்திருப்பா. அந்தப் பேரைத் தப்பா வாசிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க சபை கதையும் சொல்லணுமே! வின்சென்ட் தே பவுல் சபை ஆரம்பிச்சது 1833 ஏப்ரல் 23, பாரிஸ். ஆரம்பிச்ச ஃபிரெடெரிக் ஓசானாமுக்கு அன்னைக்குத்தான் இருபது வயசு முடியுது. கல்லூரி மாணவர். முதல் கூட்டம் நடந்த இடம் ஒரு பத்திரிகை அலுவலகம். முதல் தலைவர் அந்தப் பத்திரிகைய நடத்துன பெய்யி. ஓசானாமும் பின்னாடி 1848-ல ஒரு பத்திரிகை தொடங்கினதுல ஒருத்தர். பத்திரிகைக்காரங்க மேசையில பிறந்த சபைங்க இது! ரொசாலி ரெண்டுன்னு ஒரு அருட்சகோதரி எந்த வீட்டுக்குப் போகணும், எப்படிப் பேசணும்னு அந்தப் பசங்களுக்குக் கத்துக் கொடுத்தாங்க. அந்த வீடு பாக்குற வழக்கத்தைத்தான் இன்னைக்கு நாங்களும் செய்றோம்.

நம்ம பக்கத்துக்கே வருவோம். 2017 நவம்பர் கடைசி, ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுக பலதும் எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே கடலுக்குள்ள போயிருந்துச்சு. எத்தனை பேரைக் காணோம்? அரசாங்கக் கணக்கு ஒண்ணு, ஊர்க் கணக்கு ஒண்ணு. பங்குக் கோயில்ல உக்காந்து, வீடு வீடாக் கேட்டு, படகு படகாப் பேர் எழுதின அந்தக் கணக்கைத்தான் செய்தியாளர்கள் வாங்கி உலகத்துக்குச் சொன்னாங்க. டிசம்பர் 7-ல சனம் குழித்துறை ரயில் நிலையத்துல தண்டவாளத்துல உக்காந்து கேட்டதும் காணாமப் போன அந்த ஆளுகளைத்தான். பங்குல பேர் எழுதினவரு செஞ்சது செய்தியாளர் வேலை. அதை விடாம ஒலிபரப்பின செய்தியாளர் செஞ்சது பங்கு வேலை.

பாம்பன்ல 'கடல் ஓசை'ன்னு ஒரு சமுதாய வானொலி இருக்கு, 90.4. 2016 ஆகஸ்ட் 15-ல தொடங்கினது. மீனவங்களுக்காகவே நடக்குது. கோயில் நடத்துறது இல்லைதான். ஆனா காத்து எப்படி, கடல் எப்படின்னு கடலுக்குப் போறவனுக்குச் சொல்றதை விடப் பெரிய பிறரன்பு என்ன இருக்கு?

(கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாங்க. இனிமே எங்க பங்குல செஞ்சு பாத்ததைச் சொல்றேன்.)

எங்க சபைல முதியோர், நோயாளிங்களுக்காக ஒரு செய்தி மடல் அனுப்பலாம்னு தொடங்கினோம். முதல்ல எழுத்துல அனுப்பினோம். கண்ணு தெரியாதவங்களுக்கு எழுத்து எதுக்கு? யாரும் படிக்கலை. அப்புறம் குரல் பதிவா மாத்தினோம். செபம், பாட்டு, அறிவிப்பு எல்லாம் சேத்து நீளமாப் போச்சு. பாதில நிப்பாட்டிருந்தாங்க. கடைசில அந்தச் செய்தி வாசிக்கிற பொண்ணுதான் உருப்படியா ஒரு வழி சொல்லுச்சு.

முதல் வரிலயே விஷயத்தைச் சொல்லுங்க. யாரு, எங்க, எப்ப.

ஃபோன் நம்பரை ரெண்டு தடவ மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கிறவங்க வயசானவங்க.

இறப்புச் செய்தின்னா அந்த வீட்லயே கேட்டு உறுதி பண்ணாம அனுப்பாதீங்க. எதிர்த்த வீட்டுக்காரர் சொன்னாருங்கிறது போதாது.

ரத்தம் வேணும்னு கேட்டா தேதியும் ஆஸ்பத்திரியும் கண்டிப்பாச் சொல்லணும். ரத்தம் கிடைச்சதும், கிடைச்சிருச்சுன்னு இன்னொரு பதிவு போடணும். (இதை யாருமே செய்றது இல்லை. எப்பவோ முடிஞ்சுபோன கேஸுக்கு இன்னும் ஃபார்வர்டு சுத்திக்கிட்டு இருக்கு. அந்தக் குடும்பத்துக்கு ஃபோன் போயிட்டே இருக்கும். பாவம்.)

முதியோர் உதவித்தொகை நிக்கப் போகுதுன்னு ஒரு வதந்தி வந்தப்ப, அந்தப் பிள்ளை எங்களைத் தாலுகா ஆபீஸுக்கே போய்க் கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. போனோம், கேட்டோம், அப்படி ஒண்ணும் இல்லைன்னு பதிவு போட்டோம். தறி ஓட்டுற வீட்டுப் பாட்டி ஒருத்தங்க, நம்ம கோயிலுக்கே வராதவங்க, பேரனை விட்டு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாங்களாம்.

இதெல்லாம் செய்தி அறைல கத்துக்கிற பாடம். பங்குக்கு அப்படியே பொருந்துது.

அந்தப் பெரியவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அஞ்சு கிலோ அரிசியக் கொடுத்துட்டு, வாங்குறவங்க முகத்தை ஃபோட்டோ எடுத்துப் போடுற ஆளுங்க இருக்காங்க. அது தப்பு. நூறு தடவ தப்பு. எங்க சபைல உதவி வாங்குறவங்க பேரை வெளில சொல்லவே மாட்டோம். ஆனா அந்தத் தப்பைச் செய்றவங்கள்ல முக்காவாசி பேரு ஊடகத்துல வேலை பாக்குறவங்க இல்லை. கைல ஃபோன் வச்சிருக்கிற எல்லாரும்தான். எப்ப கேமராவை அணைக்கணும்னு தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அந்தப் பொண்ணு எங்ககூட வீடு பாக்க வந்தப்ப, ஃபோனைப் பையில இருந்து வெளில எடுத்து நான் பாத்ததே இல்லை.

அதனால என் கட்சி இதுதான்.

பங்குத்தந்தையர்களே, பேரவைப் பெரியவங்களே: உங்க பங்குல வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகைல வேலை பாக்குற பிள்ளைங்க யாரு யாருன்னு ஒரு தடவ விசாரிங்க. திருவிழாவுக்கு மைக் பிடிக்க மட்டும் கூப்பிடாதீங்க. அன்பியத்துல (பக்கத்து வீடுகள் சேந்து கூடுற குழு) ஒரு சாயங்காலம் உக்கார வச்சு, வர்ற ஃபார்வர்டுல எது உண்மை, எது பொய்ன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பேசச் சொல்லுங்க. வாசகம் வாசிக்கிறவங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்க. ஊர் மொத்தத்துக்கும் ஒரு செய்தி மடல் நடத்தச் சொல்லுங்க.

செய்தித் துறைல இருக்கிற தம்பி தங்கச்சிகளே: நீங்க லீவுக்கு ஊருக்கு வந்தா யாராவது கூப்பிடட்டும்னு காத்திருக்காதீங்க. நீங்களே போங்க. வின்சென்ட் தே பவுல் சபையோ, மரியாயின் சேனையோ, ஏதாவது ஒண்ணுகூட நாலு வீடு பாருங்க. அங்க கேக்குற ஒவ்வொரு கதையும் உங்க தொழிலைச் சுத்தமாக்கும். இது சத்தியம்.

படிக்கிற நீங்க எந்தக் கோயிலுக்குப் போறவங்களா இருந்தாலும் சரி: அடுத்த தடவ ஒரு ரத்த தான ஃபார்வர்டு வந்தா, அதுல இருக்கிற நம்பருக்கு ஒரு ஃபோன் போட்டு இன்னும் தேவையான்னு கேட்டுட்டு அனுப்புங்க. ஒரே ஒரு நிமிஷ வேலை. பேரவை அடுத்து எப்பக் கூடினாலும் அந்தப் பொண்ணு பேரை நானே முன்மொழியப் போறேன். உங்க பங்குலயும் அப்படி ஒரு பேரு இருந்தா, நீங்களும் எந்திரிச்சு நின்னு சொல்லுங்க.